மூன்று மேசையும் ஒரு லொறித் தராசும்: நெல் ஆலைக்கு எந்தத் தரவுத்தளம்?

இலங்கையின் கிழக்கில், சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலை. வாசலில் லொறித் தராசு, அதை ஒட்டிய சின்ன அறையில் ஒரு கொம்பியூட்டர். உள்ளே காசாளரின் மேசையில் இன்னொன்று. மேல்மாடியில் கணக்கப்பிள்ளைக்கு மூன்றாவது. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு மென்பொருள் எழுதும் வேலை, ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த ஒரு தம்பிக்குக் கிடைத்திருக்கிறது. போன கிழமை மட்டக்களப்புக்கு வந்தவன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணன், மைஎஸ்கியூஎல் போடவா, போஸ்ட்கிரெஸ் போடவா, இல்லாட்டி எஸ்கியூலைட்டே காணுமா?"

மூன்றுமே தரவுகளை அட்டவணைகளாகச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருள்கள், அதாவது தரவுத்தளங்கள். கல்லடிப் பாலத்தடியில் ஒரு தேநீர்க் கடையில் இரண்டு மணித்தியாலம் இதைத்தான் பேசினோம். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை சின்னச் சின்ன வியாபாரங்களுக்கு மென்பொருள் எழுதித் திரியும் எனக்கு, இந்தக் கேள்வி வேறு வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. அதனால் அவனிடம் சொன்னதை விரித்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஆலைக்கு நான் போஸ்ட்கிரெஸ்தான் போடுவேன். ஆனால் அதே தம்பி ஒற்றை மேசை மருந்துக்கடை ஒன்றுக்கு எழுதுகிறான் என்றால், தயங்காமல் எஸ்கியூலைட் என்பேன்.

வேகத்தை வைத்து யோசிக்க வேண்டாம். பெரும்போக அறுவடை மும்முரமாக நடக்கும் மாசி பங்குனியில்கூட நான் பார்த்த ஆலைகளில் ஒரு நாளைக்கு எழுதப்படும் சிட்டைகள் சில நூறைத் தாண்டுவதில்லை. இங்கே பேசப்போகும் எந்தத் தரவுத்தளத்துக்கும் அது ஒரு சுமையே அல்ல. கேட்க வேண்டியது இரண்டு. ஒரே நேரத்தில் எத்தனை கைகள் எழுதும்? எழுதியதை யார் மாற்றலாம், யார் மாற்றக் கூடாது?

முதல் கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு நட்டத்தில். பல வருடங்களுக்கு முன் ஒரு கடைக்கு மைக்ரோசொஃப்டின் தரவுத்தளமான அக்சஸில் எழுதிக் கொடுத்தேன். ஒரே பைலை வலையமைப்பில் பகிர்ந்து இரண்டு இடத்திலிருந்து திறந்தார்கள். ஒரு பின்னேரம் கரண்ட் போய் வந்தது. பைல் திறக்க மறுத்தது. அக்சஸில் உள்ள பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தும் மூன்று நாள் விற்பனை வரவில்லை. முதலாளியின் மகளும் நானும் இரவிரவாக உட்கார்ந்து கார்பன் தாள் சிட்டைகளைப் பார்த்துத் திரும்ப ஏற்றினோம். அக்சஸ் பைல் 2 ஜிபிக்கு மேல் வளராது என்பது அதன் சின்னக் குறை. பெரிய குறை, ஒவ்வொரு கொம்பியூட்டரும் அந்தப் பைலுக்குள் நேரே கைவைப்பதுதான். எழுதிக்கொண்டிருக்கும் கை பாதியில் அறுந்தால் பைல் பாதியில் நிற்கும். புதிதாக எழுதும் யாரும் இதில் தொடங்கத் தேவையில்லை.

எஸ்கியூலைட்டும் ஒற்றைப் பைல்தான். ஆனால் அது வேறு ஜாதி. 2000 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. யாருக்கும் உரிமை கேட்காமல் பொதுவுடைமையாக விடப்பட்டது. உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொய்ட் போனுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பதிவை எழுதும்போது கரண்ட் போனால், அடுத்த முறை திறக்கும்போது பாதி எழுதியதைத் தானே பின்வாங்கி, பழைய நிலைக்கு வந்துவிடும். தனியாக ஓடி மற்றவர்களின் கேள்விக்கு விடை தரும் சேர்வர் நிரல் ஒன்றை நிறுவ வேண்டியதில்லை, கடவுச்சொல் இல்லை. மருந்துக்கடை, தையல்கடை, வாவியில் மீன் பிடிப்பவர்களிடம் மீன் எடுக்கும் ஒரு வியாபாரியின் கொப்பி, இவற்றுக்கெல்லாம் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

ஆனால் அதை அதன் இயல்பறிந்து பாவிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம். மற்றவருக்கு 'தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது' என்று பிழை வரும். இணைப்பைத் திறந்தவுடன் 'பிசி டைம்அவுட்' (busy timeout, காத்திருக்கும் நேரம்) ஐந்து செக்கன் என்று வைத்தால், பிழையை வீசாமல் காத்திருந்து எழுதும். 'வால்' (WAL: மாற்றங்களை முதலில் தனிப் பைலில் எழுதி வைப்பது) முறைக்கு மாற்றினால் ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் தடையில்லாமல் வாசிக்கலாம். வாசித்துவிட்டு எழுதப்போகும் டிரான்சாக்ஷனை, அதாவது முழுதாக நடக்க வேண்டிய அல்லது நடக்கவே கூடாத கட்டளைத் தொகுதியை, 'பிகின் இமீடியட்' என்றே தொடங்குங்கள். வெறும் 'பிகின்' போட்டால் நடுவழியில் பூட்டு கிடைக்காமல் விழக்கூடும்.

ஒரு அட்டவணையின் பதிவு இன்னொன்றில் உள்ள பதிவைச் சுட்டினால் அது அங்கே இருந்தே ஆக வேண்டும் என்னும் அந்நியச் சாவி விதிகள் எஸ்கியூலைட்டில் வழமையாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அதற்கான பிராக்மா என்ற அமைப்புக் கட்டளையை நீங்கள்தான் இயக்க வேண்டும். இதை அறியாமல் எழுதிய ஒரு மென்பொருளில், விவசாயியின் பதிவை அழித்த பிறகும் அவருடைய நெல் சிட்டைகள் அநாதையாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், முழு எண் என்று நீங்கள் அறிவித்த புலத்தில் 'அறுபது' என்று எழுத்தில் கொடுத்தாலும் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும். எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடும்போது எழுத்தே எப்போதும் பெரிது என்பது அதன் விதி. ஆகவே 'மிகக் கூடிய எடை எது' என்ற வினவலுக்கு அந்த 'அறுபது' விடையாக வந்து நிற்கும். 2021 இல் வந்த 3.37 பதிப்பிலிருந்து அட்டவணையை 'ஸ்ட்ரிக்ட்' என்று உருவாக்கலாம்; அப்போது வகை பொருந்தாததை அது மறுக்கும். புதிதாகச் செய்யும் எல்லா அட்டவணைக்கும் அதைப் போடுங்கள்.

காசு விடயம் இன்னும் முக்கியம். எஸ்கியூலைட்டில் உண்மையான தசம வகை கிடையாது. 'டெசிமல்' என்று எழுதினாலும் உள்ளே தசமத்தை அண்ணளவாக மட்டும் காட்டும் மிதவைப் புள்ளி எண்ணாகத்தான் போய் உட்காரும். அங்கே 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் சரியாக 0.3 வராது. ஒரு சிட்டையில் தெரியாது. ஒரு போகம் முழுவதையும் கூட்டும்போது கணக்கப்பிள்ளையின் கொப்பிக்கும் திரைக்கும் சில சதம் வித்தியாசம் வரலாம். அந்தச் சில சதத்துக்காக அவர் உங்கள் மென்பொருளை முழுவதுமாக நம்பாமல் போவார், அது நியாயமும்கூட. ரூபாயைச் சதமாகவும் கிலோவைக் கிராமாகவும் மாற்றி முழு எண்ணாகச் சேமியுங்கள்.

சரி, ஒரு கொம்பியூட்டரில் இணையச் செயலியை ஓட்டி, மற்ற இரண்டு மேசையும் உலாவி வழியாக அதைத் திறந்தால், எஸ்கியூலைட்டே மூன்று மேசைக்கும் தாங்கும். பைலைத் தொடுவது ஒரே ஒரு நிரல் என்பதால் அக்சஸில் நடந்தது நடக்காது. அப்படியிருந்தும் ஆலைக்கு நான் அதை விலக்குவது இரண்டாவது கேள்விக்காக.

நெல் கொண்டுவரும் விவசாயிக்கு எடைதான் எல்லாம். ஆறு மாதம் வயலில் நின்றவர், தராசடியில் சொன்ன எடையும் காசாளரின் மேசையில் வாசிக்கும் எடையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் நிற்கிறார். தராசுக்காரர் எழுதிய எடையை உள்ளே வேறொருவர் திருத்த முடியாது, தராசுக்காரர் விலையைத் தொட முடியாது என்பதை உங்கள் நிரலின் பொத்தான்களை மறைத்து மட்டும் காப்பாற்ற முடியாது. எஸ்கியூலைட்டில் அந்தப் பைல் கையில் கிடைத்தவருக்கு எல்லாமே கையில்தான். போஸ்ட்கிரெஸ்ஸில் தராசு, காசு, கணக்கு என்று மூன்று பயனர்களை உருவாக்கி, தராசுக்கு எடை அட்டவணையில் புதிதாகச் சேர்க்கும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். மாற்றும் உரிமையும் அழிக்கும் உரிமையும் கிடையாது. பிழை நேர்ந்தால் பழையதை ரத்துச் செய்யும் புதிய பதிவு ஒன்று எழுதப்படும். பழையதும் அப்படியே இருக்கும். இந்த ஒழுங்கைத் தரவுத்தளமே காக்கிறது. நாளைக்கு வேறொருவர் வேறொரு மொழியில் புதிய திரை எழுதினாலும் அந்த விதி மாறாது.

மைஎஸ்கியூஎல்லிலும் பயனர் உரிமைகள் உண்டு, மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சேர்வரிலும் உண்டு. பிறகு ஏன் போஸ்ட்கிரெஸ்? 1986 இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது அது. தரவு சரியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் அதன் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. ஒரு உதாரணம் அறுகம்பையிலிருந்து சொல்கிறேன். சித்திரை முடிந்து அலைச்சறுக்கு பருவம் தொடங்கினால் அங்கே விடுதி அறைகளுக்கு அடிபிடி. ஒரே அறையை ஒரே நாளுக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு விடுதிக்காரர் கையைப் பிசைந்து நிற்பது வழக்கமான காட்சி. முன்பதிவு மென்பொருள் எழுதுபவர்கள் 'இந்த நாட்களில் வேறு பதிவு இருக்கிறதா' என்று பார்த்துவிட்டு எழுதுவார்கள். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் இன்னொருவர் எழுதிவிட்டால்? போஸ்ட்கிரெஸ்ஸில் 2012 முதல் திகதி வீச்சு என்றே ஒரு தரவு வகை இருக்கிறது. 'ஒரே அறை எண்ணுக்கு ஒன்றோடொன்று மேற்படும் வீச்சுகள் கூடாது' என்று ஒரு விலக்கல் விதியை அட்டவணையிலேயே எழுதிவிடலாம். 'பீட்ரீ ஜிஸ்ட்' என்ற நீட்சியை மட்டும் இயக்கிக்கொள்ள வேண்டும். ஒருவர் காலையில் வெளியேறும் நாளில் மற்றவர் உள்ளே வருவது அதற்கு மேற்படல் அல்ல. எத்தனை பேர் ஒரே கணத்தில் அழுத்தினாலும் ஒருவருக்குத்தான் அறை. இதை மைஎஸ்கியூஎல்லில் செய்ய நீங்களே பூட்டுகள் போட்டு நிரல் எழுத வேண்டும்.

இன்னொன்று, இரவு நேரத்தில் ஆலைக்குப் போய் அட்டவணை அமைப்பை மாற்றும் வேலை. போஸ்ட்கிரெஸ்ஸில் அந்த மாற்றங்களையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் வைக்கலாம். ஐந்தாவது கட்டளை விழுந்தால் முதல் நாலும் சேர்ந்து பின்வாங்கும். மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு அமைப்பு மாற்றத்தையும் உடனே உறுதியாக்கிவிடும். பாதியில் நின்ற அட்டவணையோடு விடியும்வரை மல்லுக்கட்ட வேண்டியது நீங்கள்தான்.

குறைகளும் உண்டு. நிறுவியவுடன் மற்ற மேசைகளிலிருந்து இணைக்க முடியாது. அது தன் சொந்தக் கொம்பியூட்டருக்கு மட்டுமே காது கொடுக்கும். கேட்கும் முகவரியையும், யாரை உள்ளே விடலாம் என்ற பைலையும் நீங்கள் திருத்த வேண்டும். சேர்வர் கொம்பியூட்டருக்கு ரூட்டரில் மாறாத முகவரி ஒன்றும் கொடுங்கள். அந்நியச் சாவிப் புலங்களுக்கு அது தானாக இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) போடாது, மைஎஸ்கியூஎல் போடும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம்தான் ஆதரவு. அடுத்த பெரிய பதிப்புக்குப் போவது தரவை இறக்கி ஏற்றும் அல்லது அதற்கென உள்ள கருவியால் மாற்றும் ஒரு தனி வேலை. அதற்கு வருடாந்தப் பராமரிப்புப் பணம் பேசிக்கொள்ளுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் தப்பிக்க முடியாத ஒரு பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். இருப்பு 420 மூடை என்று இரண்டு மேசையும் வாசிக்கின்றன. ஒருவர் 50 ஐக் கழித்து 370 என்று எழுதுகிறார். மற்றவர் 20 ஐக் கழித்து 400 என்று எழுதுகிறார். கடைசியில் எழுதியவர் வெல்வார். 50 மூடை மாயமாய்ப் போகும். போஸ்ட்கிரெஸ்ஸின் வழமையான நிலையிலும் இது நடக்கும், மைஎஸ்கியூஎல்லிலும் நடக்கும். கழித்த விடையை எழுதாதீர்கள்; 'இருப்பு = இருப்பு – 50, இருப்பு 50 அல்லது அதற்கு மேல் என்றால்' என்று ஒரே கட்டளையில் தரவுத்தளத்தையே கழிக்கச் சொல்லுங்கள். ஆலைக்கு நான் இன்னும் ஒரு படி மேலே போவேன்: இருப்பு என்று ஒரு எண்ணை வைக்காமல், உள்ளே வந்ததும் வெளியே போனதும் மட்டும் வரிவரியாக எழுதப்படும், இருப்பு அதன் கூட்டல். பழைய களஞ்சியக் கொப்பிகள் அப்படித்தான் இருந்தன.

மைஎஸ்கியூஎல் பக்கம் வருவோம். 1995 முதல் இருப்பது. 2010 முதல் ஒரக்கிள் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மொன்டி வைடேனியஸ் 2009 இல் பிரித்தெடுத்த கிளைதான் மரியாடிபி. நம் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகத்தில் இணையச் செயலி பழகத் தேவையானவற்றை ஒன்றாகத் தரும் 'எக்ஸாம்ப்' பொதியை நிறுவிப் படிக்கிறார்கள். 2015 முதல் அதற்குள் இருப்பது மரியாடிபி என்பதைக் கவனிப்பதில்லை. இரண்டும் ஒன்று என்று எண்ணி மைஎஸ்கியூஎல் 8 இல் இறக்கிய தரவைப் பழைய மரியாடிபியில் ஏற்றினால், 'அறியாத கொலேஷன்' (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) என்று நின்றுவிடும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் இணையத்தளம் வைப்பதென்றால் இதுதான் நடைமுறைத் தெரிவு. காத்தான்குடிக் கடை ஒன்றின் ஒன்லைன் விற்பனை, கோயில் திருவிழா அறிவிப்புத் தளம், பாடசாலைத் தளம் எல்லாம் இதில் நன்றாக ஓடும். 8.0.16 க்கு முந்திய பதிப்பென்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: 'எடை பூச்சியத்துக்கு மேல் இருக்க வேண்டும்' போன்ற சரிபார்ப்பு விதிகளை அது எழுத விடும், ஆனால் ஒருபோதும் அமுலாக்காது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் யாரும் முதலில் கேட்காத விடயம்: தமிழ்.

'மட்டக்களப்பு' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது பன்னிரண்டு குறியீடுகள், ஏனென்றால் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்8 முறையில் 36 பைட். மைஎஸ்கியூஎல்லில் 'லெங்த்' கேட்டால் 36 என்றும் 'கார் லெங்த்' கேட்டால் 12 என்றும் சொல்லும். ஊர் பெயருக்குப் பத்து எழுத்து காணும் என்று எண்ணிப் புலத்தை அமைத்தால் மட்டக்களப்பே உள்ளே போகாது. மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' மூன்று பைட்வரைதான் கொள்ளும். வழமையான தமிழ் எழுத்துக்கு அது போதும். ஆனால் 2019 இல் யூனிகோட் 12 இல் சேர்க்கப்பட்ட 51 பழந்தமிழ்க் குறியீடுகள், பின்னங்கள், தானிய அளவைக் குறிகள் போன்றவை, நாலு பைட் கேட்பவை. ஆகவே எப்போதும் 'யூடிஎஃப்8எம்பி4'. எஸ்கியூஎல் சேர்வரில் 'என்வார்சார்' புலம் போட்டு, நேரடியாக எழுதும் சொற்றொடருக்கு முன் 'என்' எழுத்தையும் போடாவிட்டால் பெயருக்குப் பதிலாகக் கேள்விக்குறி வரிசைதான் கிடைக்கும்.

தேடலில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. 'கோபால்' என்பதில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டு துண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு இரண்டு வேறு பெயர். விசைப்பலகை மாறினால் இது மாறலாம். ஒரே விவசாயி இரண்டு தடவை பதிவாவதும், அவருடைய முற்பணம் ஒரு பெயரிலும் நெல் மறு பெயரிலும் நிற்பதும் இப்படித்தான். பெயரை ஏற்றுவதற்கு முன்பு ஒருமைப்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு 'நோர்மலைஸ்' என்ற செயற்கூறு இருக்கிறது. ஆனால் 'கௌரி' என்பதை ளகரம் போட்டுக் 'கெளரி' என்று அடிப்பவர்களை எந்தச் செயற்கூறும் காப்பாற்றாது. அதை உங்கள் நிரலில் நீங்களே பிடிக்க வேண்டும். பெயரை நம்பாமல் அடையாள அட்டை இலக்கத்தைத் தனித்தன்மையான புலமாக வைப்பது இதனால்தான்.

வரிசைப்படுத்தலும் அப்படியே. யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து வருகிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி. வெறும் குறியீட்டு வரிசையில் 'கனகம்மா' முதலிலும் 'கமலா' பிறகும் வரும். பெயர்ப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் அகரவரிசை படித்த கணக்கப்பிள்ளை கமலாவைத் தேடிக் களைத்துப்போவார். எஸ்கியூலைட் வழமையாக இந்தக் குறியீட்டு வரிசையைத்தான் தரும். போஸ்ட்கிரெஸ்ஸில் 2017 இல் வந்த 10 ஆம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற நூலகத்தின் தமிழ்க் கொலேஷனைப் பெயர்ப் புலத்துக்கு வைத்தால் நம் வரிசை கிடைக்கும். ஆலையின் பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். ஏற்றுவதற்கு முன்பே யூனிகோடாக மாற்றிவிடுங்கள்.

எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கருவி, இலவசம். மைக்ரோசொஃப்டின் டொட்நெட்டில் எழுதுபவருக்குக் கைக்கு அடக்கம். 2022 பதிப்புவரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபியோடு நிற்கும்; ஒரு ஆலைக்கு அது பல வருடத்துக்குக் காணும். நேரப்படி வேலை செய்யும் ஏஜென்ட் அதில் இல்லாததால் பெக்கப்பை விண்டோஸின் வேலை அட்டவணையில் வைக்க வேண்டும். நீங்கள் ஏற்கெனவே அந்த வழியில் இருந்தால் மாற வேண்டாம்.

மேகத்தில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் சேர்வரில், வைக்கலாமே என்று தம்பி கேட்டான். வைக்கலாம். ஆனால் மாரி மழையில் இணைப்பு அறுந்தால் தராசடியில் நிற்கும் லொறி காத்திருக்காது. கட்டணம் டொலரில், 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டியதை முதலாளிமார் மறக்கவில்லை. நான் சொன்னது: எழுதும் இடம் ஆலைக்குள், பிரதி மேகத்தில். வயலுக்குப் போய்ப் போனில் பதியும் ஆட்கள் இருந்தால் போனுக்குள் எஸ்கியூலைட்டில் எழுதி, இணைப்பு கிடைக்கும்போது அனுப்பட்டும். அப்படிச் செய்தால் 1, 2, 3 என்று தானாக ஏறும் எண்ணைப் பதிவை அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக வைக்க வேண்டாம். இரண்டு போனும் தனித்தனியே 57 ஆம் இலக்கச் சிட்டை எழுதிவிடும். எங்கே உருவாக்கினாலும் மோதாத நீண்ட அடையாள எண்ணான யூயூஐடி போடுங்கள்.

பெக்கப்புக்கு வருகிறேன். 2022 பங்குனியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாட்களைக் கடந்தவர்கள் நாம். வெள்ளம் நமக்கு வருடாந்த விருந்தாளி. யூபிஎஸ் கட்டாயம், சேர்வரைத் தரையில் வைக்காதீர்கள். எஸ்கியூலைட் பைலை ஓடிக்கொண்டிருக்கும்போது வெறுமனே நகல் எடுத்தால், 'வால்' பைலில் இருக்கும் புதிய பதிவுகள் விடுபடும், நகலே பழுதாகவும் கூடும்; 'வாக்கும் இன்டு' கட்டளையால் எடுங்கள். மைஎஸ்கியூஎல் தரவை இறக்கும்போது 'சிங்கிள் டிரான்சாக்ஷன்' தெரிவைப் போடுங்கள், இல்லாவிட்டால் இறக்கி முடியும்வரை அட்டவணைகள் பூட்டப்பட்டு எழுதும் மேசைகள் காத்திருக்க வேண்டிவரும். போஸ்ட்கிரெஸ்ஸின் 'பிஜி டம்ப்' தொடங்கிய கணத்தின் நிலையை மட்டுமே எடுக்கும், அதற்குத் தனித் தெரிவு தேவையில்லை. எடுத்த நகல் அன்றிரவே ஆலையை விட்டு வெளியே போக வேண்டும்.

தம்பி நேற்றுப் பின்னேரம் அழைத்தான். முதலாளியிடம் பேசி, பழைய கொம்பியூட்டர் ஒன்றுக்குப் புது எஸ்எஸ்டி போட்டு, போஸ்ட்கிரெஸ் நிறுவியிருக்கிறான். திரை ஒன்றும் இன்னும் எழுதவில்லை. முதல் வேலையாக இருபது பொய்ச் சிட்டைகளை ஏற்றி, இறக்கிய நகலைத் தன் லப்டொப்பில் மீட்டுப் பார்த்தானாம். இருபதும் வந்தது. கமலாவும் கனகம்மாவுக்கு முன்னால் நின்றாள்.